கூப்பிட்டால் யார் பதில் சொல்வது?

2011 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. வன்முறை நிறைந்த வீடியோ கேம்களைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் கொண்டுவந்த சட்டம் செல்லுமா என்பது வழக்கு. செல்லாது என்றது நீதிமன்றம். அந்த முடிவை ஏற்றுக்கொண்டு, தன் காரணங்களை மட்டும் தனியாக எழுதிய நீதிபதி சாமுவேல் அலிட்டோ, ஓர் அடிக்குறிப்பில் இணைய முகவரி ஒன்றைச் சான்றாகக் காட்டியிருந்தார். 2013 வாக்கில் அந்த முகவரிக்குப் போனவர்களுக்கு அவர் காட்டிய தகவல் கிடைக்கவில்லை. கைவிடப்பட்ட அந்தப் பெயரை வேறு யாரோ எடுத்து, அங்கே ஒரு கிண்டல் பக்கத்தை வைத்திருந்தார்கள். நல்லவேளை, இதையெல்லாம் யாரும் தீர்ப்பில் மேற்கோள் காட்டவில்லையே என்ற தொனியில் எழுதப்பட்ட பக்கம்.

தீர்ப்பில் ஓர் எழுத்து மாறவில்லை. முகவரியிலும் ஓர் எழுத்து மாறவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளேயிருந்து குரல் கொடுப்பவர் மாறிவிட்டார், அவ்வளவுதான். அப்படியானால் அந்த அடிக்குறிப்பு இன்று எதைக் குறிக்கிறது? 2011இல் இருந்த பக்கத்தையா, பிறகு வந்த கிண்டலையா, எதையுமே இல்லையா?

பெயருக்கும் பொருளுக்கும் என்ன உறவு என்பது கிரேக்கத்திலும் இந்தியாவிலும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஓடிய வாக்குவாதம். இன்று அது வாழும் இடங்களில் ஒன்று, ஜாவாஸ்கிரிப்டில் முதல் சர்வரை எழுதிப் பார்க்கும் மாணவரின் மடிக்கணினி. அவர் படிக்கும் பாடத்தில் அதற்கு ரூட்டிங் என்று பெயர். எந்த முகவரி கேட்டு வந்தால் எந்தப் பதிலைக் கொடுப்பது என்று எழுதிவைக்கும் வேலை.

இணையத்தின் ஆரம்ப நாட்களில் இந்த வேலைக்கு அவசியமே பெரும்பாலும் இருக்கவில்லை. முகவரியின் பின்பகுதி, சர்வர் கணினியில் உண்மையாகவே இருந்த ஒரு ஃபோல்டரின் பாதை. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் ஒரு ஃபைல். முகவரியைக் கேட்டால் சர்வர் அந்த ஃபைலை எடுத்து நீட்டும். ஃபைல் இருந்தால் முகவரி உண்டு, போனால் முகவரியும் போச்சு. பெயர் பொருளின் மேலேயே ஒட்டியிருந்தது.

2009 நவம்பரில் பெர்லினில் நடந்த ஜாவாஸ்கிரிப்ட் மாநாட்டில் ரயன் டால், ஜாவாஸ்கிரிப்டில் சர்வர் எழுத உதவும் நோட்.ஜேஎஸ்ஸை மேடையேற்றினார். அதில் எழுதப்படும் சர்வருக்கு ஃபோல்டர் என்ற எண்ணமே கிடையாது. வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு ஃபங்ஷன் ஓடும். கேட்கப்பட்ட முகவரி அதன் கைக்கு வெறும் எழுத்துச் சரமாக வந்து சேரும். அதைப் பார்த்து என்ன செய்வது என்பது எழுதியவர் பாடு. ‘நூல்’ என்ற சொல் முகவரியில் இருந்தால், அது தமிழாகக்கூட வந்து சேராது. ந, ஊகாரக் குறி, ல, புள்ளி என்ற நான்கு குறிகளும் ஆளுக்கு மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்தெண்களுமாக விரிந்து, மொத்தம் 36 குறிகளாக வரும். அதைப் பிரித்துத் தமிழாக்கிய பிறகுதான் ‘நூல்’ என்று எழுதிவைத்ததோடு ஒப்பிட முடியும். இல்லாவிட்டால் சர்வருக்கு இரண்டும் வேறு வேறு.

இந்த ஒப்பிடும் வேலையை ஒவ்வொருவரும் ‘இப்படியானால் அப்படி’ என்று நீட்டி எழுதிக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் 2010இல் டி.ஜே. ஹோலோவாய்சக் எக்ஸ்பிரஸ் என்ற கருவித்தொகுப்பைக் கொண்டுவந்தார். ரூபி மொழியில் இருந்த சினாட்ரா என்ற கருவியைப் பார்த்துப் பிறந்தது அது. சிறிய நூலகம் ஒன்றுக்கு எக்ஸ்பிரஸில் தளம் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். ரூட்டுகள் மூன்றே வரி. வெறும் சாய்கோடு கேட்டால் முகப்பு. ‘நூல்’, சாய்கோடு, ‘புதியது’ என்று கேட்டால் கடைசியாக வாங்கிய புத்தகத்தின் பக்கம். ‘நூல்’, சாய்கோடு, அதன்பின் முக்காற்புள்ளி போட்டு ‘எண்’ என்று எழுதினால், அந்த இடத்தில் எது வந்தாலும் அதைப் புத்தக எண்ணாக எடுத்துக்கொண்டு, அதற்குரிய பக்கம்.

டிஸ்க்கில் ‘நூல்’ என்று ஒரு ஃபோல்டர் இல்லை. ‘412’ என்று ஒரு ஃபைலும் இல்லை. முகவரியைக் கேட்கும் அந்த நொடியில் ஒரு ஃபங்ஷன் ஓடி, பக்கத்தைக் கட்டி அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறது. முகவரி பார்க்க இடம் மாதிரி இருக்கிறது. தேடிப்போனால் அங்கே இடம் ஏதும் இல்லை.

பிளேட்டோவின் ‘கிராட்டிலஸ்’ உரையாடலில் இரண்டு பேர் மோதிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் இயல்பாகவே அமைந்த சரியான பெயர் ஒன்று உண்டு என்கிறார் கிராட்டிலஸ். அதெல்லாம் இல்லை, நாம் கூடிப் பேசி வைத்துக்கொள்வதுதான் பெயர் என்கிறார் ஹெர்மோஜினிஸ். வீட்டு அடிமைகளின் பெயரை எஜமானர்கள் மாற்றுவதில்லையா, புதிய பெயரும் பழையதைப் போலவே வேலை செய்கிறதே என்பது அவர் காட்டும் உதாரணம். இந்தியாவிலும் இதே வழக்கு நடந்தது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாரும் உண்டாக்காதது, என்றும் உள்ளது என்றார்கள் வேத விளக்க மரபினரான மீமாம்சகர்கள். அது சங்கேதம், ஏற்படுத்திக்கொண்டது என்றார்கள் தருக்க மரபினரான நையாயிகர்கள். ஃபைல் காலத்துச் சர்வர் கிராட்டிலஸ் கட்சிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. முகவரிக்கு எந்தப் பதில் என்று தேர்ந்தெடுக்கும் ரூட்டர் முழுக்க ஹெர்மோஜினிஸ் கட்சி. எந்தப் பெயருக்கும் எந்தப் பதிலும் வைக்கலாம். நாளைக் காலையில் மாற்றவும் செய்யலாம்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதே விஷயம் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பள்ளியிலேயே அறிமுகமானது. மரம் இடுகுறி, பறவை காரணப் பெயர். நூலகத் தளத்தில் ‘412’ என்பது இடுகுறி. அந்த எண்ணுக்கும் புத்தகத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, யாரோ வரிசையில் இட்டது. ‘புதியது’ காரணப் பெயர். படித்தாலே புரிகிறது, நினைவில் நிற்கிறது. இணையத் தளங்கள் காரணப் பெயரையே விரும்புகின்றன. செய்தித் தலைப்பே முகவரியாவது அதனால்தான்.

ஆனால் காரணம் போய்விட்டால் காரணப் பெயர் பொய் சொல்லத் தொடங்கும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998இல் எழுதிய ஒரு குறிப்பின் சாரமே இதுதான். நல்ல முகவரி மாறாது என்பது அவர் கட்சி. மாறாமலிருக்க, மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதே என்கிறார். பொருள் வகைப்பாடு, எழுதியவர் பெயர், ‘வரைவு’ அல்லது ‘இறுதி’ என்ற நிலை, எந்தக் கருவியில் செய்தது என்று காட்டிக்கொடுக்கும் வால் எழுத்துகள் எல்லாம் வேண்டாம். பக்கம் உருவான தேதியை வைத்துக்கொள்ளலாம் என்கிறார். நடந்து முடிந்த தேதி மாறப்போவதில்லை அல்லவா?

நூலகத் தளத்துக்குத் திரும்பலாம். கடைசியாக வாங்கிய புத்தகத்தின் எண் 412 என்றால், இன்று ‘புதியது’ என்று கேட்டாலும் ‘412’ என்று கேட்டாலும் ஒரே பக்கம்தான் வரும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாலும் வித்தியாசம் இராது. இரண்டும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள்தானா? நாளை 413ஆம் புத்தகம் வந்துவிட்டால் உண்மை தெரிந்துவிடும். 1892இல் ஜெர்மானியத் தத்துவவாதி கோட்லோப் ஃப்ரேக எழுப்பிய கேள்வி இதுவே. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள். ஆனாலும் ‘விடிவெள்ளிதான் விடிவெள்ளி’ என்பதில் செய்தி ஒன்றுமில்லை, ‘விடிவெள்ளிதான் அந்திவெள்ளி’ என்பது வானியல் கண்டுபிடிப்பு. ஆகவே ஒரு பெயருக்கு, அது சுட்டும் பொருளைத் தவிர, சுட்டுகிற விதம் என்று இன்னொன்றும் இருக்கிறது என்றார் ஃப்ரேக.

2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் ராய் ஃபீல்டிங் ஏறத்தாழ இதே இடத்துக்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார். இணைய முகவரி குறிப்பது ஒரு கோப்பையோ ஒரு பக்கத்தையோ அன்று. காலந்தோறும் மாறும் பதில்களை ஒரு கருத்தோடு கட்டிவைக்கும் தொடர்பையே அது குறிக்கிறது என்று வரையறுத்தார். அவர் தந்த உதாரணங்களில் ஒன்று, லாஸ் ஏஞ்சலிஸின் இன்றைய வானிலை. பதில் நாள்தோறும் மாறும். மாறினால்தான் முகவரி சரியாக வேலை செய்கிறது என்று பொருள். மாறாமல் நின்றால் கோளாறு.

நூலகத் தளத்தின் அந்த மூன்று வரிகளில் தொடக்கக்காரர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. எக்ஸ்பிரஸ் ரூட்டுகளை எழுதிய வரிசையிலேயே, மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதலில் பொருந்தியதற்கு வேலையைக் கொடுத்துவிடும். ‘எண்’ வரியை மேலேயும் ‘புதியது’ வரியைக் கீழேயும் வைத்துவிட்டால், ‘புதியது’ என்று கேட்டு வருகிறவரை முதல் வரியே மடக்கிக்கொள்ளும். ‘புதியது’ என்ற எண்ணுள்ள புத்தகம் எது என்று தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று கைவிரிக்கும். இரண்டு வரிகளிலும் பிழை கிடையாது. சிறப்புப் பெயரை முன்னால் வை, பொதுப் பெயரைப் பின்னால் வை என்று மூத்தவர் யாராவது சொல்லும்வரை மாணவர் திரையை முறைத்துக்கொண்டிருப்பார். ஒரு பெயரின் பொருள் அந்தப் பெயருக்குள் மட்டும் இல்லை, பக்கத்தில் யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்ற பாடம் அவருக்கு அன்று இப்படித்தான் கிடைக்கிறது.

அடுத்தது, இல்லாமை.

எந்த வரியும் பொருந்தாவிட்டால் 404. இணையத்தில் உலவும் எல்லோருக்கும் தெரிந்த எண் இது. வலை பிறந்த சேர்ன் ஆய்வுக்கூடத்தில் 404 என்ற அறை இருந்ததால் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது கட்டுக்கதை. நான்கில் தொடங்கும் எண்கள் கேட்டவர் பக்கத்துப் பிழையைக் குறிப்பவை; அந்த வரிசையில் இது ஒன்று.

எக்ஸ்பிரஸின் ஆவணங்கள் 404 பற்றி ஒரு விநோதமான நிலைப்பாடு எடுக்கின்றன. இது பிழையே அன்றாம். பிழைகளைப் பிடிக்கும் ஃபங்ஷனிடம் இது போகாது. பட்டியலில் இருந்த எல்லோரையும் கேட்டாயிற்று, யாரும் முன்வரவில்லை, செய்வதற்கு இனி ஒன்றும் இல்லை. அதனால் பட்டியலின் அடியில் எந்தப் பெயருக்கும் பொருந்தும் வரி ஒன்றை வைத்து, அதில் ‘இல்லை’ என்று சொல்லச் செய்கிறார்கள். அங்கே இல்லாமையை யாரும் கண்டுபிடிப்பதில்லை. தேடல் தீர்ந்துபோகிறது.

மீமாம்சகர்களுக்குள் நடந்த சண்டையை அறிந்தவர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். தரையில் குடம் இல்லை என்பதை எப்படி அறிகிறோம்? காணாமையே ஒரு தனி அறிவுவழி என்றார் குமாரிலர். மணிமேகலை தரும் அளவைகளின் பட்டியலிலும் அபாவம், அதாவது இல்லாமை, இடம்பெற்றிருக்கிறது. பிரபாகரர் ஒப்பவில்லை. வெறுந்தரையைப் பார்த்தாய், அவ்வளவே; ‘இல்லாமை’ என்று தனிப்பொருள் ஒன்று அங்கே உட்கார்ந்திருக்கவில்லை என்பது அவர் வாதம். எக்ஸ்பிரஸ் தெரியாமலே பிரபாகரர் பக்கம் போய்விட்டது. குமாரிலர் வழியினர் சேர்த்த ஒரு நிபந்தனை ரூட்டருக்கும் கனகச்சிதமாகப் பொருந்துகிறது. இருந்தால் தெரிந்திருக்கும் என்ற சூழலில் மட்டுமே, தெரியாததை வைத்து இல்லை என்று சொல்லலாம். இருட்டறையில் குடம் தெரியாவிட்டால் குடம் இல்லை என்று ஆகாது. ரூட்டர் தேடுவது தன் பட்டியலுக்குள் மட்டும். புத்தகம் டேட்டாபேஸில் பத்திரமாக இருக்கும், அதற்குப் போகும் வரியை யாரோ நீக்கியிருப்பார்கள். வாசகருக்கு 404. இருட்டில் நின்றுகொண்டு ‘குடம் இல்லை’ என்று சொல்வதும் அதுவும் ஒன்றுதான்.

இல்லாமையில் நான்கு வகை என்று பிரித்தார்கள் நையாயிகர்கள். 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தருக்க சங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழாக்கியதால் தமிழ் வாசகருக்கும் இது பழைய பாடம். குடம் வனையும் முன் களிமண்ணில் குடம் இல்லாதது பிராகபாவம். உடைந்த பின் ஓட்டில் குடம் இல்லாதது பிரத்வம்சாபாவம். காற்றில் எக்காலத்தும் நிறம் இல்லாதது அத்தியந்தாபாவம். குடம் துணி அன்று என்பது அன்னியோன்னியாபாவம்.

404 இவற்றில் எது? எதுவாகவும் இருக்கலாம், சொல்ல மாட்டேன் என்பதே அதன் இலக்கணம். இனிமேல் வரப்போகும் பக்கமா, இருந்து போனதா, எக்காலத்தும் இல்லாததா என்று அது தெரிவிப்பதில்லை. உடைந்த குடத்துக்குத் தனி எண் இருக்கிறது: 410. முன்பு இருந்தது, இப்போது போய்விட்டது, திரும்பி வராது என்று பொருள். சட்டத்தின் பெயரால் மறைக்கப்பட்ட பக்கத்துக்கு 2016இல் 451 என்ற எண் முறையாக வந்தது. புத்தகங்களை எரிக்கும் நாட்டைப் பற்றி ரே பிராட்பரி எழுதிய ‘ஃபாரன்ஹீட் 451’ நாவலின் நினைவாக இட்ட எண் அது. காரணப் பெயருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம்.

404 பொய்யாகவும் சொல்லப்படும், அதுவும் அனுமதியோடு. அனுமதி இல்லாதவர் ஒன்றைக் கேட்டால் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று சொல்ல 403 இருக்கிறது. ஆனால் அப்படிச் சொல்வதே அந்தப் பொருள் உள்ளே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்வதாகிவிடும். அதனால் இருப்பையே மறைக்க விரும்பினால் 404 கொடுக்கலாம் என்று இணையத் தர ஆவணமே இடமளிக்கிறது. கிட்ஹப் தளத்தில் பிறருடைய தனிப்பட்ட களஞ்சியத்தைத் தேடிப் போனால் இந்தப் பதில்தான் கிடைக்கும். ‘ஐயா வீட்டில் இல்லை’ என்று உள்ளேயிருந்து சொல்லச் சொல்கிற அதே பழக்கம்.

ஹெர்மோஜினிஸ் சொன்னதுபோலப் பெயர் வெறும் ஏற்பாடு என்றால், ஏற்பாடு செய்தவர் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாமா? என் சர்வர், என் ரூட், என் இஷ்டம் என்ற வாதம் சட்டப்படி நிற்கும். அலிட்டோவின் அடிக்குறிப்பில் இருந்த முகவரியை எடுத்துக்கொண்டவரும் எந்த விதியையும் மீறவில்லை.

பிளேட்டோவின் உரையாடலில் சாக்ரடீஸ் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். தறிநாடாவைத் தச்சன் செய்கிறான். அது நன்றாக இருக்கிறதா என்று சொல்ல வேண்டியவன் நெசவாளி. சுக்கானைத் தச்சன் செய்கிறான், அதை எடைபோடுபவன் மாலுமி. பெயரும் ஒரு கருவிதான். அதை வைத்தவர் ஒருவர். அது சரியா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர், அதைப் பயன்படுத்துகிறவர். யார் அந்தப் பயன்படுத்துகிறவர்? கேட்கவும் பதில் சொல்லவும் தெரிந்தவர் என்கிறார் சாக்ரடீஸ். கோரிக்கையும் பதிலுமாக ஓடும் வலைக்கு இந்த வரையறை எவ்வளவு பொருந்துகிறது! ஏற்பாடு என்றாலே அதில் இரண்டு தரப்பு உண்டு. ஒரு முகவரியை ஒருவர் கடிதத்தில் எழுதிவிட்டால், பாடநூலில் அச்சடித்துவிட்டால், தீர்ப்பில் சேர்த்துவிட்டால், அதன்பிறகு அந்தப் பெயரில் பாதி அவருடையது.

இணைய முகவரிக்குப் பெர்னர்ஸ்-லீ முதலில் விரும்பிய பெயரில் இருந்தது ‘அடையாளம்’ என்ற சொல். தர நிர்ணயக் குழுவில் அது எடுபடவில்லை. 1994 டிசம்பரில் வெளியான ஆவணத்தில் ‘இருப்பிடம் காட்டி’ என்ற பொருள் தரும் சொல்லே யூஆர்எல்லின் கடைசி எழுத்தாக நின்றது. இருப்பிடம் என்று நினைத்தால், வீடு மாறிய பிறகு பழைய கதவிலக்கத்தில் தேடி வருபவர்களைப் பற்றிக் கவலைப்படத் தோன்றாது. அடையாளம் என்று நினைத்தால் தோன்றும். விளைவை எண்களில் பார்க்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்த இணைய முகவரிகளில் 50 சதவீதம், மேற்கோள் காட்டிய தகவலுக்குக் கொண்டுபோகவில்லை என்று ஹார்வர்டு சட்டப் பள்ளி ஆய்வாளர்கள் கண்டார்கள். 2013இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டில் கிடைக்காமல் போய்விட்டதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் தெரிவித்தது.

இத்தனைக்கும் மருந்து ஒரே வரிதான். பழைய முகவரி கேட்டு வந்தால் 301 என்று சொல்லிப் புதிய முகவரிக்கு அனுப்பிவைக்கும் வரி. அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆட்டோக்காரரிடம் ‘மவுண்ட் ரோடு’ என்றால் இன்றும் சரியான இடத்தில் இறக்கிவிடுகிறார். ஊர் தன் நினைவில் வைத்திருக்கும் 301 அது. சர்வருக்கு அந்த நினைவு தானாக வராது. யாராவது எழுதிவைக்க வேண்டும். ரூட் பட்டியலில் ஒரு வரியை நீக்கப் போகிறவர், நீக்கும் முன் அதன் இடத்தில் ஒரு 301ஐயாவது, அதுவும் முடியாவிட்டால் ஒரு நேர்மையான 410ஐயாவது வைத்துவிட்டுப் போகலாம்.

சேர்னில் பெர்னர்ஸ்-லீ முதல் வலைப்பக்கத்தை வைத்திருந்தது ஒரு நெக்ஸ்ட் கணினியில். இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதி அதன்மேல் ஒட்டியிருந்தார். அந்தக் கணினி பிற்பாடு காட்சிப்பொருளாயிற்று. முதல் பக்கத்தின் முகவரியும் இடையில் பயன்பாட்டிலிருந்து விலகியிருந்தது. 2013இல் சேர்ன் ஒரு குழுவை அமர்த்தி, அதே பழைய முகவரியை மறுபடி பேசவைத்தது. வேறொரு கணினிதான் பதில் அனுப்புகிறது.